ஆகஸ்ட் 1 கணக்கும் சென்னையின் சின்னப் பள்ளிகளும்

தமிழ்நாட்டில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர்கள் என்பதை ஒரே ஒரு நாள்தான் முடிவு செய்கிறது. ஆகஸ்ட் 1. அன்றைக்கு வருகைப் பதிவேட்டிலும், எமிஸ் என்கிற பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவுத் தளத்திலும் எத்தனை பிள்ளைகளின் பெயர் இருக்கிறதோ, அதை வைத்துத்தான் பணியாளர் நிர்ணயம் நடக்கும். கணக்குக்கு மேல் ஓர் ஆசிரியர் இருந்தால் அவர் ‘உபரி’. பணி நிரவல் கலந்தாய்வில் வேறு பள்ளிக்குப் போக வேண்டியதுதான். கிராமத்தில் இந்த ஏற்பாடு ஓரளவு ஓடிவிடும். எந்த வீட்டில் எத்தனை பிள்ளை, எது எந்த வருஷம் ஒன்றாம் வகுப்புக்கு வரும் என்று டீச்சருக்கே மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். சென்னையில் கதை வேறு. ஆகஸ்டில் பெஞ்சில் இருக்கிற பிள்ளை ஜனவரியில் இருக்குமா என்பதை வீட்டுக்காரர், மேஸ்திரி, நீதிமன்ற உத்தரவு, கூவம் கரைக்கு வந்து நிற்கிற பொக்லைன் என்று பலரும் பலதும் சேர்ந்து முடிவு செய்கின்றன.

பெருநகர சென்னை மாநகராட்சியிடம் இன்று நானூறுக்கும் மேற்பட்ட பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் ஏறக்குறைய பாதி தொடக்கப் பள்ளிகள். பெயர்ப்பலகையில் ‘சென்னைத் தொடக்கப் பள்ளி’ என்று எழுதியிருக்கும். இந்தப் பள்ளிகளைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு வகைக் குரல் எழும். ‘பிள்ளைகளே இல்லை, எதற்கு இத்தனை பள்ளி?’ என்பது ஒன்று. ‘ஆசிரியரே இல்லை, பிள்ளைகள் எப்படி வரும்?’ என்பது இன்னொன்று. இரண்டும் உண்மைதான். பல சமயம் ஒரே பள்ளியைப் பற்றிய உண்மையாகவும் இருக்கும். இது எப்படி என்று புரிய, ஆசிரியர் எண்ணிக்கையைக் கணக்கிடும் வாய்ப்பாட்டை முதலில் பார்க்க வேண்டும்.

1997 டிசம்பரில் வந்த அரசாணை 525, 40 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று வைத்தது. ஆசிரியர் சங்கத்தில் இருக்கும் யாரைக் கேட்டாலும் அந்த எண்ணைத் தூக்கத்திலும் சொல்வார்கள். பிறகு 2009-ல் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் அட்டவணைப்படி 1 முதல் 5 வரையிலான வகுப்புகளில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4, 121 முதல் 200 வரை 5. பிள்ளைகள் 150-ஐத் தாண்டினால் இந்த 5 பேரோடு தனியாக ஒரு தலைமை ஆசிரியர். 200-க்கு மேல் போனால் தலைமை ஆசிரியரைச் சேர்க்காமல் 40 பேருக்கு ஒருவர். ஆக, சின்னப் பள்ளியில் சுமார் 30 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தனியார் பள்ளிகள் பலவற்றில் ஒரு வகுப்பிலேயே 40, 45 பேர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சொகுசாகக்கூடத் தோன்றும்.

ஆனால் அந்த அட்டவணை பிள்ளைகளைத்தான் எண்ணுகிறது. வகுப்புகளை எண்ணவில்லை. நகரத்துச் சின்னப் பள்ளியின் சிக்கல் அத்தனையும் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

58 பிள்ளைகள் உள்ள ஒரு பள்ளியை எடுத்துக்கொள்வோம். இரண்டு பணியிடம். ஒன்று தலைமை ஆசிரியர், இன்னொன்று இடைநிலை ஆசிரியர் (தொடக்க வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பவருக்கு அதுதான் பதவிப் பெயர்). தொடக்கப் பள்ளியில் தலைமை ஆசிரியர் என்றால் அறையில் உட்கார்ந்து நிர்வாகம் மட்டும் பார்ப்பவர் அல்ல; அவரும் பாடம் எடுத்தாக வேண்டும். வழக்கமாக 1, 2, 3 ஒருவரிடமும் 4, 5 இன்னொருவரிடமும் இருக்கும். 2013 வாக்கில் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் பரவலாகத் தொடங்கிய பிறகு, ஒவ்வொரு வகுப்பும் தமிழ் வழி, ஆங்கில வழி என்று இரண்டாகப் பிரிந்தது. பிரிந்தது பதிவேட்டில்தான், அறையும் ஆசிரியரும் அதேதான். கரும்பலகையின் நடுவே ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் ‘கழித்தல்’ என்றும் வலப்பக்கம் அதையே ஆங்கிலத்திலும் எழுதி, ஒரே கணக்கை இரண்டு முறை சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வகுப்புப் பிள்ளைகள் வேலையில்லாமல் சண்டை போடத் தொடங்கியிருப்பார்கள். ஐந்து வகுப்பு, இரண்டு வழி, பத்துத் தொகுதிப் பாடநூல், இரண்டு பெரியவர்கள். விகிதம் 1:29. சட்டப்படி ஒரு குறையும் இல்லை.

இதே பள்ளியில் இன்னும் மூன்று பேர் சேர்ந்து 61 ஆனால் மூன்றாவது பணியிடம் கிடைக்கும். அதனால்தான் ஏப்ரல், மே வெயிலில் ஆசிரியர்கள் பேனர் பிடித்துக்கொண்டு தெருத் தெருவாகப் போகிறார்கள். 2024-ல் அரசு மார்ச் 1-ம் தேதியே மாணவர் சேர்க்கையைத் தொடங்கிவிட்டது. அங்கன்வாடியில் ஐந்து வயது முடித்த பிள்ளைகளின் பட்டியலை வாங்கி, வீடு வீடாக ஏறி இறங்கி, ‘காலைச் சாப்பாடு உண்டு, சீருடை உண்டு, இங்கிலீஷ் மீடியம் உண்டு’ என்று சொல்லிப் பிள்ளை பிடிக்கிறார்கள். ஒரு பிள்ளை குறைந்தால் ஒரு போஸ்ட் போய்விடும் என்பது ஆசிரியர் அறையில் அடிக்கடி கேட்கும் பேச்சு. ஒரு காலத்தில் பதிவேட்டில் மட்டும் வாழ்ந்த பிள்ளைகளும் உண்டு, அதையும் மறைப்பதற்கில்லை. எமிஸ் எண்ணும் ஆதாரும் வந்த பிறகு அந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிட்டது.

சரி, இந்தப் பிள்ளைகள் யார்?

நூறு வருஷத்துக்கு முன்பு இதே கேள்விக்கு மாநகராட்சியிடம் ஒரு நேரடியான பதில் இருந்தது: பசித்த பிள்ளைகள். 1920 செப்டம்பரில், நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மாணவர்களுக்குச் சிற்றுண்டி தருவதென்று மன்றம் தீர்மானித்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவு போகக் கூடாது என்பது நிபந்தனை. பிறகு இன்னும் சில பள்ளிகளுக்கும் அது விரிந்தது. 1922-23-ல் 811 ஆக இருந்த அந்தப் பள்ளிகளின் மாணவர் எண்ணிக்கை 1924-25-ல் 1,671 ஆனது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவு செய்யக் கூடாதென்று அரசு மறுக்கவே, 1925 ஏப்ரலில் திட்டம் நின்றுபோனது. யார் பள்ளிக்கு வருகிறார்கள் என்பதைப் பாடத்திட்டம் தீர்மானிப்பதற்கு முன்பே வீட்டு அடுப்பு தீர்மானித்துவிடுகிறது என்பதற்கு இதைவிடப் பழைய, தெளிவான எண் சென்னையில் கிடைக்காது. 2022 செப்டம்பரில் தொடங்கி, அடுத்த ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த காலை உணவுத் திட்டத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

இன்றைக்கு மாநகராட்சிப் பள்ளிக்கு வரும் பிள்ளைகளின் வீடுகள் அன்றைய வீடுகளிலிருந்து வெகுதூரம் போய்விடவில்லை. வீட்டு வேலைக்குப் போகும் அம்மாக்கள், தூய்மைப் பணியாளர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், மூட்டை தூக்குகிறவர்கள், கொத்தனார்கள், மீன் விற்பவர்கள். குடிசைப் பகுதியிலிருந்தும், குடிசைக்கு மாற்றாக அரசு வாரியம் கட்டிய குடியிருப்பிலிருந்தும் வருகிறவர்கள்தான் அதிகம். 2011 கணக்கெடுப்பில் சென்னை மக்கள் தொகை சுமார் 46.5 லட்சம், நான்கில் ஒருவருக்கு மேல் குடிசைப் பகுதியில் இருந்தார்கள். இதில் கொஞ்சம் வசதி கூடிய குடும்பம், அப்பாவுக்கு நிலையான சம்பளம் வந்த குடும்பம், முதல் காரியமாகப் பிள்ளையைத் தெருமுனை நர்சரிப் பள்ளிக்கு மாற்றிவிடும். 1980-களிலிருந்தே இது நடக்கிறது. பள்ளி ஆசிரியர்களின் பிள்ளைகள் எங்கே படிக்கிறார்கள் என்பதை இங்கே கிளற வேண்டாம்.

கல்வி உரிமைச் சட்டமே இந்த ஓட்டத்துக்கு இன்னொரு வாசலையும் திறந்துவிட்டது. தனியார் சுயநிதிப் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடம் நலிந்த பிரிவினருக்கு. கட்டணத்தை அரசு கொடுக்கும். நல்ல நோக்கம்தான். ஆனால் நுழைவு வகுப்பு என்பது பெரும்பாலும் எல்.கே.ஜி. மூன்று வயதிலேயே அந்தப் பிள்ளை அங்கே போய்விடுவதால், ஐந்து வயதில் மாநகராட்சிப் பள்ளியின் ஒன்றாம் வகுப்புக்கு வந்திருக்க வேண்டிய ஒரு தலை குறைகிறது. விண்ணப்பம் போட்டு, சான்றிதழ் வாங்கி, குலுக்கலுக்குப் போய் நிற்கும் பெற்றோர் யார்? தெருவில் கொஞ்சம் விவரமானவர்கள், பள்ளிக்கு வந்து கேள்வி கேட்கக்கூடியவர்கள். அவர்கள் போன பிறகு, கேள்வி கேட்க நேரமில்லாதவர்களின் பிள்ளைகள் மிச்சம் இருக்கிறார்கள். மத்திய அரசு நிதி வராத பிரச்சினையில் 2025-26 கல்வியாண்டின் இந்தச் சேர்க்கை அக்டோபர் வரை இழுத்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஆகஸ்ட் 1-ல் எடுத்த எண்ணிக்கைக்கு என்ன அர்த்தம் என்று கேட்கத் தோன்றும்.

பிறப்பும் குறைந்துவிட்டது. ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் தமிழ்நாட்டில் 2020 மாதிரிப் பதிவுக் கணக்கின்படி 1.4. இது மெதுவாக நடக்கும் மாற்றம், எல்லாப் பள்ளியையும் தொடுகிறது. இதற்கு மேல் இங்கே சொல்ல ஒன்றுமில்லை.

வேகமாக நடப்பது இன்னொன்று. நகரம் தன் ஏழைகளை இடம் மாற்றுகிறது. 2000-ல் தொடங்கி ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர், சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்துக்குப் பிறகு பெரும்பாக்கம் என்று, கூவத்தின் கரையிலும் அடையாற்றின் கரையிலும் இருந்த குடும்பங்கள் தெற்கே கொண்டுபோய்க் குடிவைக்கப்பட்டன. கண்ணகி நகரில் மட்டும் சுமார் 15,000 வீடுகள். அப்படி ஒரு கரையோரத் தெரு காலியானால், அதற்கு அடுத்த தெருவில் இருக்கும் மாநகராட்சித் தொடக்கப் பள்ளி ஒரே மாதத்தில் பாதியாகிவிடும்.

தீவுத்திடல் அருகே சத்தியவாணி முத்து நகரில் நடந்ததைப் பாருங்கள். அங்கே வெளியேற்றம் தொடங்கியது 2019 டிசம்பர் கடைசியில். அரையாண்டுத் தேர்வு முடிந்து, விடுமுறைக்குப் பின் பள்ளி திறக்கிற நேரம். பிள்ளைகள் போன இடம் பெரும்பாக்கம், சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி. ஆகஸ்ட் 1 கணக்குப்படி அந்தப் பிள்ளைகளுக்கான ஆசிரியர்கள் சிந்தாதிரிப்பேட்டைப் பக்கத்தில் இருந்தார்கள். பிள்ளைகள் பெரும்பாக்கத்தில் இருந்தார்கள். மாற்றுச் சான்றிதழ் வாங்க அம்மா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வர வேண்டும். சில குடும்பங்கள் ஆண்டு முடியட்டும் என்று பிள்ளையைப் பழைய பள்ளிக்கே அனுப்பப் பார்த்தன. விடியற்காலையில் கிளம்பி, கூட்டத்தில் நின்றபடி வந்து, திரும்பிப் போக ஆறு வயதுப் பிள்ளையால் எத்தனை வாரம் முடியும்?

இதில் வெளியே தெரியாத ஒரு முடிச்சும் இருக்கிறது. சிந்தாதிரிப்பேட்டை மாநகராட்சி எல்லைக்குள். பெரும்பாக்கம் அதற்கு வெளியே, செங்கல்பட்டு மாவட்டத்தில், ஊராட்சிப் பகுதியில். மாநகராட்சிப் பள்ளியின் நிர்வாகம் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையில். பெரும்பாக்கத்து அரசுப் பள்ளியின் நிர்வாகம் பள்ளிக் கல்வித் துறையில். பிள்ளை எல்லை தாண்டிப் போகலாம், பணியிடம் தாண்டாது. இங்கே உபரியான ஆசிரியர் இன்னொரு மாநகராட்சிப் பள்ளிக்குத்தான் நகர்த்தப்படுவார். பெரும்பாக்கத்தில் 60 பிள்ளைகள் கூடியிருந்தால், அது அடுத்த ஆகஸ்டில் வேறொரு துறையின் தாளில் ‘தேவை’ என்று பதிவாகி, அதன் பிறகு கலந்தாய்வுக்கு வந்து, யாராவது அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தால்தான் நிரம்பும். மாநகராட்சி 2011-ல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. விரிந்த பகுதிகளின் 139 அரசுப் பள்ளிகள் மாநகராட்சியின் கைக்கு வர அதற்குப் பிறகு பத்தாண்டுக்கு மேல் ஆனது. சாலையும் குப்பையும் உடனே மாறின. பள்ளி மட்டும் அத்தனை காலம் இரண்டு வீட்டுப் பிள்ளையாக இருந்தது.

அடுத்து, வெளி மாநிலத்திலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகள். வட சென்னையில் தெலுங்கு பேசும் வீடுகள் பல தலைமுறையாக இருக்கின்றன. மாநகராட்சி தெலுங்கு, உருது வழிப் பள்ளிகளையும் நடத்தி வந்திருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் பிஹார், ஒடிசா, ஜார்க்கண்ட், நேபாளம் என்று பல திசையிலிருந்து. மெட்ரோ வேலை, அடுக்குமாடிக் கட்டுமானம், அம்பத்தூர்ப் பட்டறைகள், காவலாளி வேலை. சட்டப்படி வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்தாக வேண்டும். எட்டு வயதுப் பிள்ளை என்றால் மூன்றாம் வகுப்பு, தமிழில் ஓர் எழுத்து தெரியாவிட்டாலும். அப்படிப் பிந்திச் சேரும் பிள்ளைக்குச் சிறப்புப் பயிற்சி தரவும் அதே சட்டம் சொல்கிறது. தருவது யார்? பெரும்பாலும் அதே இரண்டு பேர்தான். நடைமுறையில் மொழிபெயர்ப்பாளர் வேலையை ஐந்தாம் வகுப்பில் இருக்கும் அக்கா பார்க்கிறாள். ஆறு மாதத்தில் இந்தப் பிள்ளைகள் சென்னைத் தமிழில் வெளுத்துக் கட்டுவார்கள், அது வேறு விஷயம். அந்த வேகம் எழுத்தில் வராது. இப்போதுதான் வார்த்தை கூட்டி வாசிக்கத் தொடங்கினாள் என்று டீச்சர் நினைக்கும் நேரத்தில், ‘மிஸ், ஊருக்குப் போறோம்’ என்று அப்பா வந்து நிற்பார். கட்டடம் முடிந்துவிட்டது.

ஒரு விசித்திரம் என்னவென்றால், இப்படிக் கலவையாக வரும் பிள்ளைகளுக்கான கற்பித்தல் முறை இந்தியாவில் பரவலாக அறியப்பட்டது இதே சென்னை மாநகராட்சிப் பள்ளிகளிலிருந்துதான். 2003-ல் மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், ஆந்திரத்தின் ரிஷி பள்ளத்தாக்கில் ஓராசிரியர் பள்ளிகளுக்கென்று உருவான முறையை 13 மாநகராட்சிப் பள்ளிகளில் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டே மாநகராட்சிப் பள்ளிகள் அனைத்துக்கும், 2007 வாக்கில் மாநிலம் முழுவதற்கும் அது போனது. அதுதான் செயல்வழிக் கற்றல். பாடநூலை அட்டைகளாகப் பிரித்து, ஏணிப்படி போல வரிசைப்படுத்தி, ஒவ்வொரு பிள்ளையும் தான் நிற்கும் படியிலிருந்து மேலே போகலாம் என்றது. விடுப்பு எடுத்த பிள்ளை திரும்பி வந்தால் விட்ட அட்டையிலிருந்து தொடரலாம். டீச்சர் நாற்காலியை விட்டுப் பாயில் உட்கார்ந்தார். சுவரைச் சுற்றிப் பிள்ளைகளின் உயரத்துக்குக் கரும்பலகை வந்தது.

அந்த முறையைப் பற்றி அன்றும் இன்றும் சண்டை உண்டு. அட்டை கிழிந்தது, காணாமல் போனது, ஆசிரியர் பாடம் நடத்துவதே குறைந்துவிட்டது என்றெல்லாம். என் பார்வையில் அதன் பெரிய பலமும் பெரிய ஆபத்தும் ஒன்றே. ஒரே அறையில் மூன்று வகுப்பை ஓர் ஆசிரியர் சமாளிக்க அது உண்மையிலேயே உதவியது. உதவியதால், ஓர் ஆசிரியர் மூன்று வகுப்பைப் பார்ப்பது இயல்புதான் என்று நிர்வாகம் நினைத்துக்கொள்ளவும் வழி செய்தது. கொரோனாவுக்குப் பிறகு 2022 ஜூனில் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் 1 முதல் 3 வரையிலான வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படிதான் பிரிக்கிறது. பிறகு 4, 5-க்கும் அது போனது. மூன்று நிலைக்கும் தனித்தனிப் பயிற்சி நூல், தனித்தனிச் செயல்பாடு. மூன்று நிலையையும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டியவர் மட்டும் ஒருவர்.

இனி ஆசிரியர் பக்கம். இடைநிலை ஆசிரியர் நியமனம் 2012 முதல் 2014 வரை ஆசிரியர் தகுதித் தேர்வை வைத்து நடந்தது. அதன் பிறகு ஏறக்குறைய பத்து வருஷம் பெரிய அளவில் ஆள் எடுக்கவில்லை. 2018-ல், தகுதித் தேர்வில் தேறியவர்களுக்கு இன்னொரு போட்டித் தேர்வும் உண்டு என்று அரசாணை 149 சொன்னது. அந்தப் போட்டித் தேர்வு நடந்தது 2024 ஜூலையில், 2,768 இடங்களுக்கு. இடைப்பட்ட ஆண்டுகளில் ஓய்வு வயது 58-லிருந்து 59, பிறகு 60 ஆனது. வேலை இல்லை என்று தெரிந்ததும் டிப்ளமா படிக்க ஆள் குறைந்து, ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. காலியிடத்துக்கு 2022-ல் ஒரு தற்காலிக ஏற்பாடு வந்தது: பள்ளி மேலாண்மைக் குழு மூலம் ஆள் வைத்துக்கொள்ளலாம், இடைநிலை ஆசிரியருக்கு அப்போது மாதம் 7,500 ரூபாய். சென்னையில் அந்தப் பணத்தில் வீட்டு வாடகைகூடக் கொடுக்க முடியாது.

நிரந்தரமாக இருப்பவர்களுக்குள்ளும் ஒரு பிளவு இருக்கிறது. 2009 மே 31 வரை சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை ஊதியம் 8,370 ரூபாய் என்று நிர்ணயமானது; ஜூன் 1-ம் தேதி சேர்ந்தவருக்கு 5,200. ஒரு நாள் வித்தியாசம். அதே படிப்பு, அதே வகுப்பறை. ‘சம வேலைக்குச் சம ஊதியம்’ என்று நுங்கம்பாக்கத்தில் பள்ளிக் கல்வி இயக்ககத்தின் முன் அவர்கள் வருஷா வருஷம் வந்து உட்காரும் போராட்டத்தின் காரணம் இதுதான். ஐந்து பேர் இருக்கிற பள்ளியில் இந்த வித்தியாசம் சங்கப் பிரச்சினை. இரண்டு பேர் மட்டும் இருக்கிற பள்ளியில், ஒருவர் அந்தப் பக்கமும் இன்னொருவர் இந்தப் பக்கமுமாக இருந்தால், அது தினசரி முகத்தில் தெரியும்.

அப்புறம், இருக்கிற ஆசிரியர் எல்லா நாளும் வகுப்பில் இருக்கிறாரா என்பது தனிக் கணக்கு. கல்வி உரிமைச் சட்டத்தின் 27-வது பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் பணி ஆகியவற்றைத் தவிர வேறு வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. ‘தவிர’ என்ற அந்த வாசலே சென்னையில் அகலமானது. வாக்குச்சாவடி நிலை அலுவலர் வேலை தொடக்கப் பள்ளி ஆசிரியர் தலையிலும் விழுகிறது. 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, படிவத்தோடு வீடு வீடாக ஏறி இறங்கியவர்களில் இந்த ஆசிரியர்களும் இருந்தார்கள். அது தவிரப் பயிற்சி, குறுவள மையக் (பக்கத்துப் பள்ளிகள் சிலவற்றுக்கான பொது மையம்) கூட்டம், ஆதார் முகாம், உதவித்தொகைக்கு வங்கிக் கணக்கு. எமிஸில் இன்னும் எது பதிவேறவில்லை என்று கேட்டுத் தொலைபேசியும் வந்துகொண்டே இருக்கும்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களில் பெண்கள்தான் அதிகம். 2021 ஜூலை முதல் தமிழ்நாட்டு அரசுப் பெண் ஊழியர்களுக்கு மகப்பேறு விடுப்பு 9 மாதத்திலிருந்து 12 மாதமானது. வரவேற்க வேண்டிய மாற்றம், இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. ஆனால் அதோடு சேர்த்து, விடுப்பில் போகிறவரின் இடத்துக்கு ஆள் எங்கிருந்து வரும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. இரண்டு பேர் பள்ளியில் ஒருவர் ஓராண்டு விடுப்பில் போனால், பணியிடம் காலி இல்லை என்பதால் அது காலியிடக் கணக்கில் வராது. பக்கத்துப் பள்ளியிலிருந்து மாற்றுப்பணியில் ஒருவரை வாரத்தில் சில நாள் அனுப்புவார்கள். அந்தப் பக்கத்துப் பள்ளியில் அந்த நாட்களில் ஒருவர் குறைவார். தாளில் இரண்டு பள்ளியும் நிறைவு. உள்ளே 58 பிள்ளைகளோடு ஒரே டீச்சர்.

ஆசிரியர் அல்லாதவர்களைப் பற்றியும் கொஞ்சம். காலை உணவு சென்னையில் மாநகராட்சியின் பொதுச் சமையற்கூடங்களிலிருந்து வண்டியில் வருகிறது. மதிய உணவுக்குச் சத்துணவு அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று தனி அணி. இந்த அணிதான் பிள்ளைகளின் வருகையை நாள் தவறாமல் தெரிந்துவைத்திருக்கிறது, எத்தனை தட்டு என்பது அவர்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்புப் பயிற்றுநர்கள் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட நிதியில் ஒப்பந்த அடிப்படையில் இருப்பவர்கள். ஒருவர் பல பள்ளிகளுக்குப் போய் வர வேண்டும். பி.எம். ஸ்ரீ என்கிற மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடாததால், ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்தியதாக மாநிலம் உச்ச நீதிமன்றம் வரை போனபோது, அந்தத் தொகைக்குள் இவர்களின் சம்பளமும் இருந்தது. கழிப்பறையைச் சுத்தம் செய்ய ஆள் வருவதும் வராததும் பெண் பிள்ளைகளின் வருகையில் தெரியும். பணியாளர் நிர்ணயத்தில் அதற்குக் கட்டமே கிடையாது.

என்ன செய்யலாம் என்று கேட்டால், பெரிய தத்துவம் ஒன்றும் தேவையில்லை. சட்டம் சொல்வது குறைந்தபட்சம்தான். அதற்கு மேல் தர மாநிலத்துக்குத் தடையில்லை. பிள்ளை எண்ணிக்கை எவ்வளவாக இருந்தாலும் ஐந்து வகுப்புக்கு மூன்று ஆசிரியர் என்ற தரைமட்டத்தை நகரப் பகுதிகளுக்காவது வைக்கலாம். ஆகஸ்டோடு சேர்த்து ஜனவரியிலும் ஒரு கணக்கு எடுக்கலாம். எமிஸில் விவரம் தினமும் ஏறுகிறது, புதிதாக யாரும் எண்ண வேண்டியதில்லை. மண்டலத்துக்கு இத்தனை பேர் என்று விடுப்பு ஈட்டு ஆசிரியர்களை, அதாவது விடுப்பில் போகிறவரின் இடத்தைப் பார்க்கிறவர்களை, நிரந்தரமாக வைத்தால் மாற்றுப்பணி என்கிற இந்த இழுபறி நிற்கும். குடியிருப்பு மேம்பாட்டு வாரியம் ஒரு தெருவை இடம் மாற்றத் திட்டமிடும்போதே பள்ளித் துறைக்குப் பிள்ளைகளின் பட்டியல் போக வேண்டும், கல்வியாண்டின் நடுவில் வெளியேற்றம் கூடாது என்பதும் நெடுநாள் கோரிக்கை. செலவு என்று பார்த்தால் மூன்றாவது ஆசிரியர்தான் கனமானது. மற்றவை பெரும்பாலும் தாள் வேலை.

அதற்குள் இன்னொரு கெடு வந்து நிற்கிறது. 2025 செப்டம்பர் 1-ம் தேதி உச்ச நீதிமன்றம், பணியில் இருக்கும் ஆசிரியர்களில் ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுக்குள் தகுதித் தேர்வில் தேறியாக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தகுதித் தேர்வு என்ற ஒன்றே இல்லாத காலத்தில் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பில் சேர்ந்து, இருபது வருஷமாக ஒன்றாம் வகுப்புக்கு அ, ஆ சொல்லிக் கொடுப்பவர்களுக்கும் இது பொருந்தும். அந்த இரண்டு ஆண்டு முடிவது 2027-ல். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் முக்கியக் கட்டமும் அதே 2027 பிப்ரவரியில்தான். ஆக, அந்த வருஷம் இரண்டு ஆசிரியர் பள்ளியில் ஒருவர் வீடு வீடாகத் தலை எண்ணப் போயிருப்பார், இன்னொருவர் மூன்று வகுப்பையும் அரும்பு, மொட்டு, மலர் என்று உட்காரவைத்துவிட்டுத் தன் தேர்வுக்கும் படித்துக்கொண்டிருப்பார்.